சீனியரா, ஜூனியரா: டீம் கைமாறும்போது என்ன நடக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இரண்டு முறை வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

 

போன எபிசோடுக்கு அப்புறம் தாம்பரத்துல இருந்து ஒரு நேயர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "ப்ரோ, நீங்க சீனியர்ஸ் பக்கமா, யங்ஸ்டர்ஸ் பக்கமா? ஒரு எபிசோட்ல அப்படிப் பேசுறீங்க, இன்னொரு எபிசோட்ல இப்படிப் பேசுறீங்க"ன்னு கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இன்னைக்கு அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன். கிரிக்கெட் பேசுவோம், நடுவுல என் ஆபீஸ் கதை ஒண்ணு வரும். கடைசியில, நான் போன வருஷம் பண்ண ஒரு தப்பைப் பத்தியும் சொல்லணும். அதனால பாதியில நிறுத்திடாதீங்க.

டிசம்பர் 18, 2024ல இருந்து ஆரம்பிக்கிறேன். புதன்கிழமை. பிரிஸ்பேன் டெஸ்ட் மழையால டிரா ஆச்சு. நான் ஆபீஸ்ல ஒரு மீட்டிங்ல உட்கார்ந்திருக்கேன், மேசைக்கு அடியில போன்ல ஸ்கோர் ஓடுது. டிரா ஆனதும் போனைக் கவுத்து வச்சுட்டேன். பத்து நிமிஷத்துல அது விடாம அதிர ஆரம்பிச்சுது. அஸ்வின் ரிட்டயர்ட்.

106 டெஸ்ட், 537 விக்கெட். இந்தியாவுக்காக டெஸ்ட்ல அவரை விட அதிகமா விக்கெட் எடுத்தவர் கும்ப்ளே ஒருத்தர்தான். அப்படிப்பட்ட ஆள், தொடர்ல இன்னும் ரெண்டு டெஸ்ட் பாக்கி இருக்கும்போது, பிரஸ் மீட்டுக்கு வந்து சுருக்கமா சொல்லிட்டுக் கிளம்பிட்டார்.

அன்னைக்கு மதியம் கேன்டீன்ல எங்க டீம் ரெண்டாப் பிரிஞ்சுது. ஒரு கட்சி, "வயசு 38 ஆச்சு, வெளிநாட்டுல அவரை எடுக்கவே மாட்டேங்கறாங்க, கரெக்டாதான் முடிவு எடுத்திருக்கார்." இன்னொரு கட்சி, "537 விக்கெட் எடுத்தவருக்கு வழியனுப்ப ஒரு மேட்ச்கூடக் கிடையாதா?" சாம்பார் ஆறிப்போச்சு, சண்டை முடியல.

அந்தத் தொடரைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெர்த்ல வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அடிலெய்டுல அஸ்வின். பிரிஸ்பேன்ல ஜடேஜா. மூணு டெஸ்ட், மூணு ஸ்பின்னர். பெர்த்ல 25 வயசுப் பையனை எடுத்தாங்க. சரி, எதிர்காலத்துக்காகன்னு நினைச்சோம். அடுத்த மேட்ச்ல அஸ்வின். சரி, அனுபவத்துக்காக. அதுக்கு அடுத்தது ஜடேஜா. சரி, பேட்டிங்குக்காக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லிடலாம். மூணையும் சேர்த்து வச்சுப் பார்த்தா, எந்தத் திசையில போறாங்கன்னு வெளியில இருக்கற நமக்குத் தெரியல.

என்னோட கேள்வி அங்கதான் ஆரம்பிக்குது. சீனியரா, ஜூனியரான்னு கேட்டா அதுக்கு விடையே கிடையாது. ஒரு டீம் ஒரு தலைமுறை கையில இருந்து அடுத்த தலைமுறை கைக்கு எப்படிப் போகுதுன்னு கேட்டா, பதில் சொல்ற அளவுக்கு நிறைய உதாரணம் இருக்கு.

அனுபவம்னா என்ன?

"பிரஷரைத் தாங்குவார்"னு சொல்லிட்டு நாம கடந்துடறோம். அது கொஞ்சம் மொட்டையான பதில். அனுபவம்னா என் பார்வையில ஞாபகம். இங்கிலாந்துல மேகம் மூடினா டியூக்ஸ் பந்து என்ன பண்ணும், எந்தப் பந்தை விடணும். நம்ம ஊர்ல நாலாவது நாள் பிட்ச்ல முன்னாடி கால் வைக்கணுமா, பின்னாடி போகணுமா. இதெல்லாம் வீடியோ பார்த்தும் கத்துக்கலாம்தான். ஆனா முடிவு எடுக்க அரை செகண்டுகூடக் கிடைக்காத இடத்துல, யோசிக்காம கை தானா செய்யணும்னா அதை நூறு தடவை செஞ்சிருக்கணும்.

இன்னொரு பக்கம், உடம்பு. கண்ணும் காலும் ஒரு வயசுக்கு மேல மெதுவாகும். அது படிப்படியாதான் குறையும். ஞாபகம் கூடிட்டே போகும், வேகம் குறைஞ்சுட்டே போகும். நடுவுல சில வருஷம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஈடு கட்டும். எந்த நாள்ல ஈடு கட்டறது நின்னு போச்சுன்னு கண்டுபிடிக்கறதுதான் தேர்வுக் குழுவோட தலைவலி. ஏன்னா அந்த நாள்ல மணி எதுவும் அடிக்காது.

இதுக்கு 2011ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

எட்டு தோல்வி

2011 ஏப்ரல்ல வான்கடேல உலகக் கோப்பை. அப்ப நான் ஸ்கூல் பையன், தெருவே பட்டாசு வெடிச்சுது. அதே வருஷம் கோடையில இங்கிலாந்து போய் 4-0 தோல்வி. அடுத்து ஆஸ்திரேலியா போய் 4-0. வெளிநாட்டுல தொடர்ந்து எட்டு டெஸ்ட் தோல்வி.

அந்த ஆஸ்திரேலியத் தொடர்ல டிராவிட்டுக்கு 39 வயசு முடிஞ்சது. சச்சினுக்கு 38. லக்‌ஷ்மணுக்கு 37. மூணு பேரும் மிடில் ஆர்டர்ல ஒரே நேரத்துல. இப்ப "ஏன் முன்னாடியே மாத்தல"ன்னு கேக்கறது சுலபம். ஆனா அதுக்கு முந்தின இங்கிலாந்துத் தொடரைப் பாருங்க. எல்லாரும் சரிஞ்சு விழுந்த அந்தத் தொடர்ல டிராவிட் மட்டும் மூணு சதம் அடிச்சார். மூணு சதம் அடிச்ச ஆளை அடுத்த தொடர்ல எந்தத் தேர்வாளர் உட்கார வைப்பார்? நீங்களா இருந்தா வைப்பீங்களா? நான் வைக்க மாட்டேன்.

அந்த ஆஸ்திரேலியத் தொடர்ல இந்தியாவுக்கு ஒரே ஒரு சதம்தான் வந்துது. அடிலெய்டுல, 116. அடிச்சவருக்கு 23 வயசு, பேர் விராட் கோலி. அதே டூர்ல பெஞ்சுல உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் ரோகித் சர்மா. 2007லயே ஒருநாள் அணிக்கு வந்தவர். 2010ல நாக்பூர்ல டெஸ்ட் அறிமுகம் ஆகவேண்டிய காலையில, டாஸுக்கு முன்னாடி காயம். அப்புறம் டெஸ்ட்ல கால் வச்சது 2013 நவம்பர்ல, கொல்கத்தால. முதல் இன்னிங்ஸ்லயே 177. வந்த சான்ஸ் காயத்துல போன பிறகு, ஒருத்தர் மூணு வருஷத்துக்கு மேல வரிசையில நின்னுட்டே இருந்திருக்கார்.

2012 மார்ச்ல டிராவிட் போனார். ஆகஸ்ட்ல லக்‌ஷ்மண். அந்த டிசம்பர்ல இங்கிலாந்து நம்ம ஊருக்கே வந்து 2-1ன்னு ஜெயிச்சுட்டுப் போச்சு. 2013 நவம்பர்ல சச்சின். ரெண்டு வருஷத்துக்குள்ள மூணு தூணும் போச்சு.

ஆனா ஒரு நல்ல கைமாற்றமும் நடந்துது

இதே காலகட்டத்துல நடந்த ஒரு விஷயத்தை நிறைய பேர் மறந்துட்டோம். 2010 அக்டோபர், பெங்களூரு, ஆஸ்திரேலியாவுக்கு எதிரா. லக்‌ஷ்மணுக்குக் காயம்னு புஜாராவுக்கு அறிமுகம். கடைசி நாள், ஜெயிக்க 207. மூணாவது இடம் பல வருஷமா டிராவிட்டோட இடம். அன்னைக்கு தோனி, டிராவிட்டைக் கீழ இறக்கிட்டு, முதல் டெஸ்ட் ஆடற புஜாராவை மூணாவதா அனுப்பினார். 72 அடிச்சார். இந்தியா ஜெயிச்சுது. முடிக்கும்போது கிரீஸ்ல நின்னது சச்சினும் டிராவிட்டும்.

எனக்கு இது ரொம்பப் பிடிச்ச காட்சி. பழைய ஆள் இன்னும் டீம்லதான் இருக்கார். புதுசா வந்தவன் அவர் சீட்ல உட்கார்ந்து ஒரு தடவை வண்டி ஓட்டிப் பார்க்கறான். தப்பு நடந்தா பிரேக் போட பெரியவர் பக்கத்துலயே இருக்கார்.

டிராவிட் ஓய்வு பெற்ற பிறகு நடந்த முதல் டெஸ்ட்ல, ஹைதராபாத்ல, மூணாவது இடத்துல வந்து புஜாரா 159 அடிச்சார். அடுத்து அகமதாபாத்ல ஆட்டமிழக்காம 206. சச்சின் போனதுக்கு அப்புறம் முதல் வெளிநாட்டு டெஸ்ட் ஜோகன்னஸ்பர்க்ல. நாலாவது இடத்துல கோலி 119, 96. மூணாவது இடத்துல புஜாரா 153. ஆக, அந்த எட்டுத் தோல்விக்கு நடுவுலயும் சில விதை ஊன்றப்பட்டிருக்கு. கைமாற்றம் நடந்த இடத்துல பயிர் வந்துது.

ஆபீஸ் கதை

இப்ப என் கதை. என்னோட ஒரு பழைய வேலையில ஒரு அக்கா இருந்தாங்க. பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். பேமென்ட் செட்டில்மென்ட் மாட்யூல் முழுக்க அவங்க கையில. ஏதாவது உடைஞ்சா எல்லாரும் அவங்க டெஸ்க்குக்குத்தான் போவோம். அவங்களும் ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க. அது எங்களுக்கு வசதியா இருந்துது. அதுதான் பிரச்சினையே. அவங்க இருந்த அஞ்சு வருஷத்துல நாங்க யாரும் அந்தக் கோடைத் திறந்து பார்க்கவே இல்ல.

ஒருநாள் பேப்பர் போட்டாங்க. கடைசி ரெண்டு வாரம் கேடி. கேடின்னா தெரியும்ல, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். எட்டு மீட்டிங், எட்டு ரெக்கார்டிங். எடுத்துக்கிட்டவன் நான். வயசு 24. ரெக்கார்டிங்ல எல்லாமே புரிஞ்ச மாதிரிதான் இருந்துது. அவங்க போன மாசக் கடைசியில, ராத்திரி ரெண்டு மணிக்கு செட்டில்மென்ட் ஜாப் விழுந்துது. எட்டு வீடியோவும் திரும்பப் பார்த்தேன், எதுலயும் அந்த எரர் இல்ல. ஏன்னா அந்த எரர் வந்தா என்ன செய்யணும்னு அவங்களுக்கே சொல்லத் தெரியாது, வந்தா செய்வாங்க. காலையில ஏழு மணிக்கு அவங்களுக்கே போன் பண்ணேன். பாவம், புது வேலைக்குக் கிளம்பிட்டிருந்தாங்க. பஸ்ல இருந்தே சொல்லிக் கொடுத்தாங்க.

தப்பு யார் மேலன்னு கேட்டா, அவங்க மேல இல்ல, என் மேலயும் இல்ல. அவங்க இருந்த காலத்துலயே அஞ்சாறு தடவை என்னை அந்த ஜாபை ஓட்ட விட்டு, அவங்க பின்னாடி நின்னிருந்தா முடிஞ்சுது. பெங்களூருல புஜாராவுக்கு நடந்தது எனக்கு நடக்கல.

மூணு பேர் ஒரே நாள்ல

இப்ப ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். இந்த விஷயத்துல ரெண்டு வகைப் பாடமும் அவங்ககிட்டயே இருக்கு.

1984 ஜனவரி, சிட்னி. கிரெக் சாப்பல், டென்னிஸ் லில்லி, ராட் மார்ஷ், மூணு பேரும் ஒரே டெஸ்டோட ஓய்வு. அப்ப ஆஸ்திரேலியாவுல அதிக ரன் சாப்பல்தான். டெஸ்ட் விக்கெட்ல உலக சாதனை லில்லி, 355. விக்கெட் கீப்பிங்ல உலக சாதனை மார்ஷ், அதுவும் 355. மூணு சாதனையாளர் ஒரே நாள்ல வீட்டுக்குப் போனாங்க. அந்த வருஷக் கடைசியிலயே கேப்டன் கிம் ஹியூஸ் பிரஸ் மீட்ல கண்ணீரோட ராஜினாமா பண்ணார். 1985ல ஆஷஸ் போச்சு, 1986-87ல சொந்த மண்ணுலயும் போச்சு. ஆலன் பார்டர் அந்த டீமைக் கட்டி எழுப்பி, 1987 உலகக் கோப்பையை ஜெயிச்சு, 1989ல ஆஷஸைத் திரும்பக் கொண்டு வர்றதுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

அப்புறம் அவங்க கத்துக்கிட்டாங்க. 1999ல இயன் ஹீலி, அவர் காலத்தோட மிகப் பெரிய கீப்பர். சொந்த ஊர் பிரிஸ்பேன்ல ஒரு கடைசி டெஸ்ட் ஆடிக்கறேன்னு கேட்டார். தேர்வாளர்கள் ஒத்துக்கல. அதே பிரிஸ்பேன் டெஸ்ட்ல கில்கிறிஸ்ட் அறிமுகம். அடுத்த டெஸ்ட் ஹோபார்ட்ல, பாகிஸ்தானுக்கு எதிரா 369 துரத்தும்போது 126க்கு 5. அங்க இருந்து ஆட்டமிழக்காம 149 அடிச்சு மேட்ச்சை முடிச்சுக் கொடுத்தார். 2002ல இன்னும் ஒரு படி மேல போய், வா சகோதரர்கள் ரெண்டு பேரையும் ஒருநாள் அணியில இருந்து எடுத்துட்டாங்க. அதுல ஒருத்தர் கேப்டன், ஸ்டீவ் வா! அடுத்த வருஷம் பாண்டிங் தலைமையில ஒரு தோல்விகூட இல்லாம உலகக் கோப்பை.

இதைக் கேட்டவுடனே, "பார்த்தியா, சீனியரைத் தூக்கினா கப்பு"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். கொஞ்சம் பொறுங்க. அந்த 2003 டீம்ல மெக்ராவுக்கு 33, லேமனுக்கு 33. அது சின்னப் பசங்க டீம் இல்ல. இன்னொண்ணு, ஆஸ்திரேலியாவுல புதுசா வர்றவன் எல்லாம் சின்னப் பையனாவும் இருக்க மாட்டான். மைக் ஹசி டெஸ்ட் அறிமுகம் ஆனப்ப அவருக்கு 30 வயசு. அதுக்குள்ள முதல்தர கிரிக்கெட்ல 15 ஆயிரம் ரன்னுக்கு மேல எடுத்து வச்சிருந்தார். சர்வதேசக் கணக்குல புதுமுகம், ஆட்டத்துல பழம். அவங்க உள்ளூர் கிரிக்கெட் பலமா இருந்ததால தைரியமா மாத்த முடிஞ்சுது. பின்னாடி ஆள் இல்லாம முன்னாடி இருக்கற ஆளை எடுத்தா, அதுக்குப் பேர் காலி பண்றது.

அதே ஆஸ்திரேலியா 2007 ஜனவரியில மறுபடி மாட்டிக்கிச்சு. அதே சிட்னி. வார்ன், மெக்ரா, லாங்கர், மூணு பேரும் ஒரே டெஸ்டோட ஓய்வு. வார்னுக்கு அப்புறம் வரிசையா எத்தனையோ ஸ்பின்னர்களைச் சோதிச்சுப் பார்த்தாங்க. யாரும் நிலைக்கல. 2011ல அடிலெய்டு மைதானத்துல பிட்ச் பராமரிப்பு வேலை பார்த்துட்டிருந்த நாதன் லயன் வந்து சேர்ற வரைக்கும் அந்த இடம் ஆடிட்டே இருந்துது.

நம்ம பக்கத்து வீடு இலங்கையையும் பாருங்க. மஹேலா 2014லயும் சங்கக்காரா 2015லயும் டெஸ்டை விட்டாங்க, 2016ல தில்ஷானும் ஓய்வு. 2017ல சொந்த மண்ணுல ஜிம்பாப்வேகிட்ட ஒருநாள் தொடரை 3-2ன்னு தோத்தாங்க. உடனே இந்தியா அவங்க ஊருக்கே வந்து டெஸ்ட் 3-0, ஒருநாள் 5-0ன்னு ஜெயிச்சுது. 2014ல டி20 உலகக் கோப்பை ஜெயிச்ச நாடு அது.

2025: ரெண்டு பக்கமும் சாட்சி

இப்ப நம்ம கதை. 2025 மே மாசம், அஞ்சு நாள் இடைவெளியில ரோகித்தும் கோலியும் டெஸ்ட்ல இருந்து ஓய்வு. அஸ்வின் ஏற்கெனவே போயாச்சு. 25 வயசு கில் கேப்டன். இங்கிலாந்துல அஞ்சு டெஸ்ட். நேர்மையா சொல்றேன், நான் 4-0ன்னு பந்தயம் கட்டினேன். அதுவும் இங்கிலாந்துக்கு. அந்த பிரியாணிக் கடன் இன்னும் பாக்கி.

2-2. கில் மட்டும் 754 ரன். பர்மிங்ஹாம்ல 269, 161. எட்ஜ்பாஸ்டன்ல இந்தியாவுக்கு முதல் வெற்றி. எல்லா இடத்துலயும் "இளைஞர் படை"ன்னு தலைப்பு வந்துது. எனக்கு மான்செஸ்டர்தான் கண்ணுல நிக்குது. 311 ரன் பின்தங்கி இறங்கறோம், முதல் ஓவர்லயே ரன் எடுக்காம ரெண்டு விக்கெட். 33 வயசு ராகுல் 90 அடிச்சு கில்லுக்குத் துணை நின்னார். அப்புறம் 36 வயசு ஜடேஜாவும் 25 வயசு வாஷிங்டனும் ஒண்ணாச் சேர்ந்து, ஆட்டமிழக்காம 203 ரன் கூட்டணி. ஜடேஜா 107, வாஷிங்டன் 101. வாஷிங்டனுக்கு அதுதான் முதல் டெஸ்ட் சதம். எனக்குத் தேவையான கேடி இதுதான். எதிர் முனையில நின்னு பார்த்துக் கத்துக்கறது.

ஓவல்ல கடைசி நாள், இங்கிலாந்துக்கு 35 ரன், கையில நாலு விக்கெட். பும்ரா அந்த மேட்ச்ல இல்ல. அவர் மூணு டெஸ்ட்தான் ஆடுவார்னு தொடருக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. முந்தின நாள் புரூக்கோட கேட்சைப் பிடிச்சுட்டு எல்லைக் கோட்டை மிதிச்ச சிராஜ்தான், அந்த நாலுல மூணு விக்கெட்டை எடுத்தார். ஆறு ரன்ல ஜெயிச்சோம். அஞ்சு டெஸ்டும் ஆடின வேகப்பந்து வீச்சாளர் நம்ம பக்கம் அவர் ஒருத்தர்தான். 31 வயசு. இதை வெறும் இளைஞர் படைன்னு எப்படிச் சொல்றது?

சரி, கதை சுபம்னு நினைச்சோம். நவம்பர்ல தென் ஆப்பிரிக்கா வந்துது. கொல்கத்தால 124 துரத்தி 93க்கு ஆல் அவுட். கவுகாத்தியில 408 ரன் வித்தியாசத்துல தோல்வி. சொந்த மண்ணுல 2-0. சுழல் பந்தை ஆடி ஆடிக் கைப்பழக்கம் வந்த புஜாரா மாதிரி ஆட்கள் யாரும் அந்த டாப் ஆர்டர்ல இல்ல. இதே தோல்வி 2024ல நியூசிலாந்துகிட்டயும் வந்துதேன்னு கேப்பீங்க, அப்ப ரோகித்தும் கோலியும் இருந்தாங்களேன்னு. கரெக்ட். பெயர் இருந்தா போதாது, பேர் இல்லாமப் போனாலும் பிரச்சினை தீராதுங்கறதுக்கு இந்த ரெண்டு தொடரும் சாட்சி.

இதுல எனக்கு வலிச்சது சாய் சுதர்சன் விஷயம். நம்ம சென்னைப் பையன்கறதால மட்டும் சொல்லல. லீட்ஸ்ல அறிமுகம், அடுத்த டெஸ்ட்ல வெளியில. மான்செஸ்டர்ல திரும்ப வந்து 61. அக்டோபர்ல டெல்லியில 87, 39. அடுத்த டெஸ்ட் கொல்கத்தால, மறுபடி வெளியில. அவரோட மூணாவது இடத்துல வாஷிங்டன். வாஷிங்டன் அந்தக் கஷ்டமான பிட்ச்ல 29, 31 எடுத்தார். அடுத்த டெஸ்ட்ல அவருக்கு எட்டாவது இடம். ரெண்டு பேருமே இளைஞர்கள். ரெண்டு பேருக்கும் சான்ஸ் கொடுத்தாச்சுன்னு சொல்லிக்கலாம். ஆனா உட்கார இடம் கொடுத்தோமா? டிராவிட்டும் புஜாராவும் வருஷக்கணக்குல நின்ன இடம் அது. அடுத்த மேட்ச் உண்டான்னே தெரியாம ஆடறவன், ஆட்டத்தைக் கத்துக்க மாட்டான். தன் இடத்தைக் காப்பாத்தத்தான் கத்துக்குவான்.

அப்ப என்னதான் பண்ணலாம்?

தேர்வுக் குழுவுல என்னை யாரும் கூப்பிடப் போறதில்ல. ஆனாலும் கேட்டதால சொல்றேன்.

ஒண்ணு, டீமோட சராசரி வயசைப் பார்க்காதீங்க. எந்த மூணு பேர் ஒரே வருஷத்துல கிளம்புவாங்கன்னு பாருங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தரோட இடத்தையாவது, அவர் இருக்கும்போதே மாத்த ஆரம்பிக்கணும்.

ரெண்டு, இளைஞனுக்கு மேட்ச் கணக்குல சான்ஸ் கொடுக்காதீங்க, தொடர் கணக்குல கொடுங்க. இத்தனை டெஸ்ட், இந்த இடம், நடுவுல எடுக்க மாட்டோம்னு முன்னாடியே அவன்கிட்டச் சொல்லிடுங்க.

மூணு, பழைய ஆளோட அனுபவத்தை ரன் கணக்குல மட்டும் அளக்காதீங்க. அதுக்காக, சும்மா வழிகாட்டறதுக்காகவே பதினோரு பேர்ல ஒரு இடத்தை நிரப்பவும் முடியாது. 2024ல இங்கிலாந்து ஆண்டர்சனுக்கு என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 704 விக்கெட்டோட லார்ட்ஸ்ல கடைசி டெஸ்ட். அதே டெஸ்ட்ல அறிமுகமான அட்கின்சன் 12 விக்கெட். அடுத்து ஆண்டர்சன் அதே டீமோட பவுலிங் ஆலோசகராத் தொடர்ந்தார். அவர் மனசுல இன்னும் ஆடணும்னு இருந்திருக்கலாம். ஆனா தேதி முன்னாடியே தெரிஞ்சுது, ரசிகர்கள் எழுந்து நின்னாங்க, அனுபவமும் வீணாப் போகல.

நாலாவது, இதுதான் முக்கியம். நேர்ல சொல்லணும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஏன்னு சொல்றேன்.

நான் பண்ண தப்பு

எங்க ஏரியாவுல ஞாயிற்றுக்கிழமை ஆடற டீம் ஒண்ணு. லெதர் பால், மேட்டிங் விக்கெட், தொப்பி மட்டும் ஆளுக்கு ஒரு கலர். அதுல ஒரு அண்ணன். 38 வயசு, பதினஞ்சு வருஷமா ஓப்பனர். எனக்கு முதல் பேட் வாங்கிக் கொடுத்தது அவர். எட்டாவது படிக்கும்போது பவுன்சருக்குத் தலையைத் திருப்பாம பந்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். போன வருஷம் என்னைக் கேப்டன் ஆக்கினாங்க. அவர்தான் முதல்ல என் பேரைச் சொன்னார்.

காலேஜ்ல படிக்கற 19 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். நல்லா ஆடறான். அண்ணனுக்கு நாலு மேட்ச்சா ரன் வரல, வேகமா வர்ற பந்துக்குக் கை லேட்டாகுது. எனக்குத் தெரிஞ்சுது. செமி ஃபைனலுக்கு முந்தின ராத்திரி டீமை வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அண்ணன் பேர் இல்ல. அவருக்குத் தனியா ஒரு போன் பண்ணல. பண்ணணும்னு நினைச்சேன், மூணு தடவை நம்பரை எடுத்தேன், என்ன சொல்றதுன்னு தெரியல. அப்படியே தூங்கிட்டேன்.

காலையில "அண்ணன் குரூப்பை விட்டு வெளியேறினார்"னு வந்துது.

மேட்ச் ஜெயிச்சோம். பையன் 40 சொச்சம் அடிச்சான். எனக்கு ஒண்ணும் இனிக்கல. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாங்க. ரொம்ப நேரம் ரெண்டு பேரும் வேற ஏதோ பேசினோம். கடைசியில அவரே சொன்னார். "டேய், என்னை உட்கார வச்சது தப்பே இல்லடா. கை வரலன்னு எனக்குத் தெரியாதா? குரூப்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன் பாரு. அதான்டா."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சாரிண்ணேன்னு மட்டும் சொன்னேன்.

அவர் இப்ப எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வர்றதில்ல. வர்ற அன்னைக்கு அந்தப் பையனோட நெட்ஸ்ல நிக்கறார். போன மாசம் எங்ககிட்ட ஆள் குறைஞ்சப்ப, அஞ்சாவதா இறங்கி ஒரு மணி நேரம் நின்னு ஆடினார். பையன் எதிர் முனையில. ஓவருக்கு ஓவர் நடுவுல ரெண்டு பேரும் ஏதோ பேசிட்டே இருந்தாங்க. என்ன பேசினீங்கன்னு நான் கேக்கல.

குரூப்ல திரும்பச் சேர்க்கட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம்டா, மேட்ச் இருந்தா போன் பண்ணு"ன்னார். இப்ப பண்றேன். டீம் போடறதுக்கு முன்னாடி, அவர் பேர் இருந்தாலும் இல்லாட்டியும், முதல் போன் அவருக்குத்தான்.

தாம்பரம் நண்பரே, நீங்க கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். உங்க ஆபீஸ்லயோ, உங்க டீம்லயோ இப்படி யாராவது கிளம்பற நேரத்துல இருந்தா, ரெக்கார்டிங்கை நம்பாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்க.

உங்க அனுபவம் இருந்தா குரல் செய்தி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடலாம். அந்த பிரியாணிக் கடனை மட்டும் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.